மேடைக்கு ஆள் கேட்கிறார்கள்

போன வாரம் ஒரு போன் வந்தது. அரசு மறுவாழ்வு மையம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆலோசகர் பேசினார். பெயரைச் சொல்லி அவரை மாட்டிவிட விரும்பவில்லை. "மேடம், போதை ஒழிப்பு விழா நடத்துறாங்க. குணமான ஒருத்தர் மேடையில ரெண்டு நிமிஷம் பேசணுமாம். யாரைக் கூப்பிடலாம்னு நீங்க சொன்னா நல்லா இருக்கும்" என்றார்.

யாரையும் கூப்பிடாதே என்றேன்.

தயங்கித் தயங்கி, "கேட்டது பெரிய ஆபீசர் மேடம்" என்றார். பெரிய ஆபீசருக்கும் அதே பதில்தான் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு யோசித்தேன். இப்படி ஒற்றை வரியில் சொன்னால், ரிட்டயர்டு அம்மாவுக்கு வேறு வேலை இல்லை, சும்மா எரிந்து விழுகிறார் என்றுதான் நினைப்பீர்கள். எரிந்து விழுந்தது உண்மைதான். அதற்குக் காரணம் ஒன்று உண்டு. அதில் பாதி என்னுடைய தப்பு. அதையும் சேர்த்தே எழுதுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் படியுங்கள். பிடிக்காவிட்டாலும் படியுங்கள்.

நான் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வளர்ந்தவள். வடசென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் போதை மறுவாழ்வுப் பிரிவில் ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆய்வுக் கூட்டத்தில் நான் பேச வாயைத் திறந்தால் சிலர் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். 'வீடு' என்று சொல்ல வேண்டிய இடத்தில் எனக்கு 'வூடு' என்றுதான் வரும். சிரித்தவர்கள் சிரித்துக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் காசிமேட்டுக்காரரும் புளியந்தோப்புக்காரரும் என் எதிரே இருந்த பெஞ்சில் பயமில்லாமல் உட்கார்ந்தார்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு மையம் என்றால் சிலருக்கு இளக்காரம். பணம் இருப்பவர்கள் வேறு இடம் போவார்கள். பணமில்லாதவரை, வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய் அடைத்து வைத்து அடித்துத் திருத்துகிறோம் என்று சொல்லும் ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில், யாரையும் கட்டிப்போடாமல், ஒரு பைசா வாங்காமல், மாத்திரையும் படுக்கையும் கொடுத்து உட்கார வைத்துப் பேசும் இடம் நம்முடையதுதான். அரசு செய்கிற காரியங்களில் இது நல்ல காரியம். அதனால்தான் அதைக் கெடுக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

இனி சூசையைப் பற்றிச் சொல்கிறேன். சூசை என்பது அவர் பெயர் அல்ல. நிஜப் பெயரை ஓய்வு பெற்ற பிறகும் சொல்வதாக இல்லை.

சூசைக்கு அப்போது முப்பது வயதுக்கு மேல். ராயபுரத்தில் கோயில் தெருவுக்குப் பக்கம் வீடு. மனைவி ஸ்டெல்லா இறால் உரிக்கும் வேலைக்குப் போவாள். இவருக்குத் துறைமுகத்தில் லாஷிங் வேலை. கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்கள் அலையில் சரியாமல் இருக்க, ஆள் உயர இரும்புக் கம்பிகளைத் தூக்கி மாட்டி இறுக்க வேண்டும். கப்பல் வந்துவிட்டால் கைமாற்ற ஆள் வரும்வரை இறங்க முடியாது. தோள்பட்டை வலிக்கு என்று கூட வேலை செய்தவர் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார். வலி போனது. அப்புறம் வலி இல்லாத நாளிலும் மாத்திரை தேவைப்பட்டது. எங்களிடம் வந்தபோது எட்டு வருடம் ஆகியிருந்தது.

எங்கள் பகுதியில் ஒருவர் யார் என்று தெரிய வேண்டுமானால் கழுத்தைப் பார்ப்பார்கள். அங்கே தொங்குகிற துறைமுக கேட் பாஸ்தான் ஆள். அது இருந்தால்தான் வாசலில் உள்ளே விடுவார்கள். அது இருக்கிறது என்பதற்காகத்தான் பெண் கொடுப்பார்கள், வீடு வாடகைக்கு விடுவார்கள். அதைப் புதுப்பிக்க கான்ட்ராக்டர் கையெழுத்து வேண்டும். புதிதாக வாங்க போலீஸ் சான்றும் வேண்டும். சூசை முதல் நாள் என்னிடம் கேட்டது உடம்பைப் பற்றி அல்ல. "அக்கா, நான் இங்க வந்துகினு இருக்கிறது வெளிய தெரியுமா? பாஸுக்கு எதுனா ஆயிடுமா?" என்றுதான் கேட்டார். ஆகாது என்று சொன்னேன். அந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சொன்னது நான்.

எங்கள் பிரிவில் ஒரு தலைமை செவிலியர் இருந்தார். எல்லோருக்கும் அவர் பெரிய சிஸ்டர். எனக்கு வேலை தெரிந்தது என்றால் அவரைப் பார்த்துத்தான். அவர் இரண்டு பழக்கம் வைத்திருந்தார். எங்கள் அறைக்குப் பக்கத்தில் புண்ணுக்குக் கட்டுப் போடும் அறை. எங்கள் நோயாளிகள் எல்லோரையும் அந்த வரிசையில்தான் உட்காரச் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர் யாராவது பார்த்துவிட்டால், காலில் புண் என்று சொல்லிக்கொள்ளலாம். சிலருக்கு நிஜமாகவே கணுக்காலில் ஒரு சுற்றுக் கட்டும் போட்டு அனுப்புவார். இரண்டாவது பழக்கம், சேரும் அன்றைக்கே சொல்லிவிடுவது. "வெளிய எங்க எங்களப் பாத்தாலும் வணக்கம் வைக்காத. சிரிக்காத. யாரோன்னு போயிடு. நாங்களும் அப்படித்தான் போவோம். கோவிச்சுக்கக் கூடாது." நோயாளிகள் முதலில் திகைப்பார்கள். அப்புறம் அவர்கள் தோள் கொஞ்சம் இறங்கும்.

சூசை கஷ்டப்பட்டார். முதல் பத்து நாள் அவர் பட்ட பாட்டை எழுத மாட்டேன். அதைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் விடாமல் வந்தார். ஷிப்ட் முடிந்ததும் வருவார், கட்டுப் போடும் வரிசையில் உட்காருவார், எண் கூப்பிட்டதும் வருவார். ஏழு மாதம் ஒரு மாத்திரை இல்லை. ஸ்டெல்லா ஒரு தடவை எனக்கு வாழை இலையில் சுற்றி வறுத்த இறால் கொண்டு வந்தாள். நோயாளி வீட்டில் எதுவும் வாங்கக் கூடாது என்பது விதி. வாங்கினேன். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஒரு போன் வந்தது. இப்போது உங்களுக்கு வந்த அதே போன். திருவொற்றியூரில் ஒரு பள்ளி மைதானத்தில் விழிப்புணர்வு விழா. ஊர்வலம் உண்டு, உறுதிமொழி உண்டு, முக்கியஸ்தர்கள் வருகிறார்கள். மீண்டு வந்த ஒருவர் பேச வேண்டும். "உங்க சென்டர்ல இருந்து ஒருத்தர அனுப்புங்க. நல்லா வந்தா சுதந்திர தினத்துல உங்களுக்குச் சான்றிதழுக்குப் பரிந்துரை பண்றோம்" என்றார் பேசியவர்.

அந்தச் சான்றிதழ் எனக்கு வேண்டியிருந்தது. இதை மழுப்ப மாட்டேன். என் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள் முன்னால் ஒரு தடவை மேடையேறி அதை வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அன்றைக்கு சாயங்காலமே சூசையிடம் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தார். கழுத்துப் பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நீ சொன்னா வரேன்கா" என்றார்.

எனக்கு ஒரே சந்தோஷம். பெரிய சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஊசிகளை எண்ணிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "அவனக் கேட்டியா, அவங்கிட்ட சொன்னியா?" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதானே சிஸ்டர், வரேன்னுட்டார்" என்றேன்.

"உங்கிட்ட மாட்டேன்னு சொல்ல அவனுக்கு வாய் வருமா?" என்றார். அவ்வளவுதான். மறுபடியும் ஊசியை எண்ண ஆரம்பித்துவிட்டார். அவருக்குப் பொறாமை என்று நினைத்தேன். இப்போது எழுதும்போதுகூட எனக்கு முகம் சுடுகிறது.

விழா நன்றாகத்தான் நடந்தது. அலுவலகத்தில் யாரோ எழுதிக் கொடுத்த உரை ஒன்று சூசை கையில் இருந்தது. 'இருளிலிருந்து ஒளிக்கு' என்று தொடங்கும். அவர் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தார். "என் பேரு சூசை. ஆர்பர்ல லாஷிங் வேல. எட்டு வருசம் மாத்திரைல இருந்தேன். இப்ப இல்ல. எங்க அக்கா அங்க நிக்குது, அதுதான் என்னிய வெளிய இட்டாந்துச்சு. அவ்ளோதான்." மைதானமே கை தட்டியது. சால்வை போர்த்தினார்கள். உள்ளூர் சேனல்காரர் படம் பிடித்தார். நான் மேடை ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தேன். பெருமையில் வந்த அழுகை.

அடுத்த வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. சூசை காலையிலேயே வரிசையில் உட்கார்ந்திருந்தார். அது அவர் ஷிப்டில் இருக்க வேண்டிய நேரம்.

"இன்னா சூசை, இன்னிக்கு உன் முறை இல்லியே" என்றேன்.

"வேல இல்லக்கா. அதான் வந்தேன்." கழுத்தில் பாஸ் இல்லை. "ரினிவலுக்குக் குடுத்தேன். கான்ட்ராக்டரோட சூப்பர்வைசர் கையெழுத்து போடாம பாஸ வாங்கி வெச்சிகினான். டிவில பாத்தானாம். கப்பல் மேல நின்னுகினு கம்பி இழுக்கிற வேல, போதை கேஸ நம்பி ஏத்த முடியாதுன்றான்."

"இப்ப நீ எதையும் தொடறது இல்லன்னு சொல்லலியா?"

"சொன்னேன். அப்ப எட்டு வருசமா போட்டுகினேதான் என் கப்பல்ல ஏறுனியான்னு கேக்குறான். அதுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" பிறகு கோபமே இல்லாத குரலில் சொன்னார். "மாத்திரையோட எட்டு வருசம் வேல செஞ்சேன்கா. ஒருத்தனும் பாஸ கேக்கல. வுட்டுட்டேன்னு மைக்குல சொன்னேன். புடுங்கிட்டாங்க."

கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நான் உடனே கிளம்பி அந்த கான்ட்ராக்டர் அலுவலகத்துக்குப் போனேன். அடையாள அட்டையை மேஜைமேல் போட்டேன். அரசுத் திட்டத்தில் குணமானவரை நீ எப்படி நிறுத்தலாம் என்று சத்தம் போட்டேன். வெளியே கன்டெய்னர் யார்டு முழுக்க வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. டிவி பார்க்காதவர்களுக்கும் அன்றைக்குச் சூசையைப் பற்றித் தெரிந்துபோனது. ஒரு தப்பைச் சரி செய்கிறேன் என்று போய் அதை இரண்டாக்கிவிட்டு வந்தேன். கோபம் நல்லதுதான். ஆனால் யாருக்காகக் கோபப்படுகிறோமோ அவரைக் கேட்டுவிட்டுக் கோபப்பட வேண்டும். அப்போது எனக்கு அது தெரியாது.

இரண்டு மாதம் சூசை வேலை தேடினார். ராயபுரத்தில் எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. பிறகு எங்களிடம் வருவது நின்றது. வேறு எங்கே போயிருப்பார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒரு நாள் ஸ்டெல்லா வந்தாள். கட்டுப் போடும் வரிசையில் உட்காரவில்லை. நேராக என் அறைக்குள் வந்து, கைப்பையிலிருந்து அந்தச் சால்வையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மடிப்புக்கூடக் கலையவில்லை.

"இது உன்னுதுக்கா. நீயே வெச்சிக்கோ. எனக்கு என் வூட்டுக்காரன குடு."

"தப்பு என்னுதுதான் ஸ்டெல்லா" என்றேன்.

"தப்பு யாருதுன்னு கேக்க நான் வரல. பெட்டு கீதான்னு கேக்க வந்தேன்" என்றாள்.

படுக்கை இல்லை. பெரிய சிஸ்டர் அன்றைக்கே எப்படியோ ஒரு படுக்கை உண்டாக்கினார். நான் சொன்னேனே பார் என்று அவர் ஒரு தடவைகூட என்னிடம் சொல்லவில்லை. அந்தச் சுதந்திர தினத்தில் எனக்குச் சான்றிதழ் கிடைத்தது. மேடையேறி வாங்கினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கை தட்டியது என் காதில் விழவே இல்லை.

இரண்டாம் தடவை சூசை முதல் தடவையைவிட மோசமாகக் கஷ்டப்பட்டார். என்னை மன்னித்தாரா என்று தெரியாது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் வந்தார். ஒரு வருடம் போல ஆனது. காட்டுப்பள்ளிப் பக்கம் வேறு ஒரு கான்ட்ராக்டர் ஆள் எடுப்பதாகத் தெரிந்து விண்ணப்பம் போட்டார். ராயபுரத்துக் கதை அவ்வளவு தூரம் போயிருக்கவில்லை. புதிய பாஸ். அதற்கு போலீஸ் சான்று. விண்ணப்பம் அவர் வீட்டுப் பகுதி ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. அவர்மேல் ஒரு வழக்கும் கிடையாது. வந்துவிடும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம்தான் அதே ஸ்டேஷனிலிருந்து இன்ஸ்பெக்டர் எங்கள் மையத்துக்கு வந்தார்.

அவரைக் கெட்டவராக நினைத்துவிடாதீர்கள். எனக்கே அவர்மேல் இன்றைக்கும் மரியாதை உண்டு. வலி மாத்திரை விற்பவர்களைப் பிடிக்கச் சொல்லி மேலிருந்து கடுமையான உத்தரவு. நடு மதியம். டாக்டர் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். இன்ஸ்பெக்டர் உட்காராமலே கேட்டார். "உங்ககிட்ட வர்றவங்க லிஸ்ட் வேணும்மா. பேரு, அட்ரஸ், போன் நம்பர். யார்கிட்ட வாங்கினாங்கன்னு பிடிச்சு விசாரிச்சா ஒரு வாரத்துல முடிச்சிடுவேன்."

எங்களிடம் ஒரு பதிவேடு உண்டு. குணமாகிப் போனவரைத் தொடர்ந்து கவனிக்க, பெயர், வீடு, வேலை செய்யும் இடம் எல்லாம் எழுதி வைப்போம். அது என் பின்னால் இருந்த இரும்பு பீரோவில் இருந்தது. சாவி என் இடுப்பில். சூசையின் பெயர் அதில் இரண்டு இடத்தில் இருந்தது. அது அந்த ஸ்டேஷன் மேஜைக்குப் போனால், பக்கத்திலேயே கிடக்கும் அவர் சான்று விண்ணப்பம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

"தர முடியாது சார்" என்றேன்.

"ஏன்மா, நீங்களும் அரசாங்கம், நானும் அரசாங்கம். ஒரே வேலைதானே பாக்குறோம்?"

"ஒரே வேலை இல்ல சார். விக்கிறவனப் பிடிக்கிறது உங்க வேலை. வாங்கினவன் எங்கிட்ட வந்துட்டான். அவன் என் வேலை."

அவர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அப்போதுதான் உட்கார்ந்தார். "நேத்து மூலக்கொத்தளம் சுடுகாட்டுல, மாத்திரை போட்டுச் செத்த ஒருத்தன அடக்கம் பண்ணாங்க. கூட்டம் சேரும்னு பந்தோபஸ்துக்குப் போனேன். அவங்கம்மா என் சட்டையப் பிடிச்சுகிட்டு, யார்யா வித்தான், யார்யா வித்தான்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க."

என் கை இடுப்புக்குப் போனது. சாவியை எடுத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பொய் சொல்லவில்லை, நினைத்தேன். அப்போது வெளியே கட்டுப் போடும் வரிசையைப் பார்த்தேன். ஜீப்பைப் பார்த்ததுமே பெஞ்ச் பாதி காலியாகியிருந்தது.

"சார், அங்க பாருங்க" என்றேன். "நீங்க உள்ள வந்து பத்து நிமிஷம் ஆவல. பாதிப் பேர் எழுந்து போயிட்டாங்க. இந்தப் பதிவேட்டக் கையில எடுத்துட்டுப் போனீங்கன்னா மிச்சப் பேரும் போயிடுவாங்க. திரும்பி வர மாட்டாங்க. அப்புறம் அவங்க எல்லாரையும் நீங்க மூலக்கொத்தளத்துலதான் பாப்பீங்க."

அவர் பெஞ்சைப் பார்த்தார். பிறகு, "எழுத்துல கேட்டா?" என்றார்.

"எழுத்துல கேளுங்க. எழுத்துல பதில் சொல்றேன்."

இரண்டே நாளில் கடிதம் வந்தது. இன்ஸ்பெக்டரிடமிருந்து அல்ல, அதற்கும் மிக மேலே இருந்து. 'ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.' டாக்டர் அதைப் படித்து வியர்த்துப்போனார். நல்ல மனிதர், ஆனால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இருந்தது. "குடுத்துடலாமேம்மா, நமக்கு எதுக்கு வம்பு?" என்றார். சட்டத்தை எடுத்துக் காட்டினேன். மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சைக்கு வருபவரின் விவரத்தை ரகசியமாகக் காக்கச் சொல்கிறது. போதைப்பொருள் சட்டத்திலேயே, தானாகச் சிகிச்சைக்கு வருபவருக்கு, நிபந்தனைகளோடுதான் என்றாலும், பாதுகாப்பு உண்டு. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நீங்க என்ன வேணா எழுதுங்க. எனக்குத் தெரியாது" என்றார்.

நான்கு வரி எழுதினேன். சட்டப்படி தர இயலாது, நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதன்படி நடப்போம் என்று. கீழே நான் மட்டும் கையெழுத்துப் போட்டேன். பெரிய சிஸ்டர் வாங்கிப் படித்தார். பாராட்டுவார் என்று பார்த்தேன். "தபால் நோட்டுல கையெழுத்து வாங்கிகினு குடு. இல்லன்னா வரவே இல்லன்னுடுவாங்க" என்றார். அதுதான் அவர் பாராட்டு.

இன்னொன்றும் செய்தேன். வரிசையில் இருந்தவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டேன். இந்தத் தடவை சொல்லவில்லை, கேட்டேன். உன் பெயர் வராது, விருப்பம் இருந்தால் மட்டும், எந்த இடத்தில் டாக்டர் சீட்டு இல்லாமல் மாத்திரை கிடைக்கிறது என்று சொல். பாதிப் பேர் தலையாட்டி மறுத்தார்கள். விட்டுவிட்டேன். மீதிப் பேர் சொன்னதை ஒரு தாளில், ஒரு பெயரும் இல்லாமல் எழுதி, நானே கொண்டுபோய் இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சில நாள் கழித்து ஒரு மருந்துக்கடைக்குச் சீல் வைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். என் தாளால்தானா என்று தெரியாது.

எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. விளக்கம் கொடுத்தேன். அடுத்து இடமாற்றம் வந்தது, ஊரின் மறு கோடிக்கு, இரண்டு பஸ் மாறிப் போகும் இடத்துக்கு. 'நிர்வாக நலன் கருதி' என்று போட்டிருந்தது. எனக்கு வலிக்கவில்லை என்று வீராப்பாகச் சொல்ல மாட்டேன். கடைசி நாள் டீ பார்ட்டிக்கு டாக்டர் வராதது வலித்தது. ஆனால் மறுபடியும் அந்த நாள் வந்தாலும் அதே நான்கு வரிதான் எழுதுவேன். வேண்டுமானால் கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுவேன்.

என் இடத்துக்கு வந்தவர் புதிதாகச் சேர்ந்த பெண். சாவியை நீட்டியபோது அவள் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. "அக்கா, யாராவது வந்து கேட்டா நான் பயந்துடுவேன்" என்றாள்.

"பயப்படு" என்றேன். "பயந்துகிட்டே குடுக்காம இரு."

அவள் இப்போது மூத்த ஆலோசகர். உங்களில் சிலருக்குப் பயிற்சி கொடுத்தது அவள்தான். அந்தப் பீரோ வெளியாள் யாருக்காகவும் இதுவரை திறக்கவில்லை.

சூசைக்குச் சான்று வந்ததா என்று எனக்குத் தெரியாமலே நான் மாறிப் போனேன். போன் போட்டுக் கேட்டிருக்கலாம். நான் இனி அவருடைய ஆலோசகர் இல்லை, கேட்க எனக்கு உரிமையும் இல்லை. கேட்காமல் இருந்தது அந்த வேலையிலேயே எனக்குக் கஷ்டமான வேலை.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் காலை, எண்ணூரில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டு பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து டீக்கடையில் ஷிப்டுக்குப் போகிறவர்கள் கூட்டம். தலையில் ஹெல்மெட், மேலே பச்சை மேல்சட்டை, கழுத்தில் பாஸ். அவர்களில் ஒருவர் சூசை. தலை கொஞ்சம் நரைத்திருந்தது. உடம்பு போட்டிருந்தது. என்னையும் அறியாமல் நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவரும் என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு கண்ணை டீ கிளாஸுக்குத் திருப்பிக்கொண்டார்.

பக்கத்தில் இருந்தவர் கவனித்துவிட்டார். "இன்னா மாமு, அந்தம்மா உன்னியே பாத்துகினு கீது? தெரிஞ்சவங்களா?"

"தெரியாது மாமு. யாரோ" என்றார் சூசை. டீயைக் குடித்து முடித்து, கிளாஸை வைத்துவிட்டு, பாஸை நேராக்கிக்கொண்டு, கூட்டத்தோடு நடந்து போனார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து எண்ணூரிலிருந்து வீடு வரைக்கும் அழுதேன். இதுவும் பெருமையில் வந்த அழுகைதான். இந்தத் தடவை அதற்கு எனக்கு உரிமை இருந்தது.

அதனால், மேடைக்கு ஆள் கேட்டால் உங்கள் ஆபீசரிடம் என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள். எந்த ஊர் மைதானமாக இருந்தாலும் வருகிறேன். ஒரு மனிதனை எப்படி வேலையிழக்க வைத்தேன் என்று என் பெயரைச் சொல்லி, என் வாயால் மைக்கில் சொல்கிறேன். சால்வை வாங்கிச் செலவு செய்ய வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். மடிப்புக் கலையாமல் என்னிடம் ஒன்று இருக்கிறது.